சைபர் ரூபாய் மென்பொருளுக்கு எவ்வளவு ஆகும்?

‘லைசென்ஸ் பணம் இவ்வளவு மிச்சம்’ என்ற ஒற்றை வரியை மட்டும் காட்டி, உங்கள் அலுவலகத்தைத் திறமூல மென்பொருளுக்கு மாற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். சொல்கிற நானும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் சின்ன, நடுத்தர அலுவலகங்களுக்குக் கணினிப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுப்பவன். லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் போட்டுக்கொடுத்து வருகிற காசில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. செலவை மறைத்து விற்றால் ஆறே மாதத்தில் வெளியே வந்துவிடும். வாடிக்கையாளர் போவதோடு நிற்காது, ‘லினக்ஸா? அது சரிப்பட்டு வராதுங்க’ என்று நாலு பேரிடம் சொல்வார். எனவே ஆகப்போகும் செலவை முன்கூட்டியே, முழுசாகத் தாளில் எழுதிக் காட்டுவது என் சுயநலத்துக்காகவும்தான்.

முதலில், வெளியே அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று. நான் போகிற சின்ன அலுவலகங்களில் பலவும் லைசென்ஸ் பணமே கட்டியதில்லை. கணினியை அசெம்பிள் செய்த கடைக்காரரே விண்டோஸையும் ஆபீஸையும் ஏற்றிக் கொடுத்திருப்பார். கூடவே ‘அப்டேட் மட்டும் போட்டுடாதீங்க’ என்று ஓர் எச்சரிக்கை. அங்கே போய் ‘லைசென்ஸ் செலவு மிச்சம்’ என்றால் முதலாளி சிரிப்பார். கட்டாத பணத்தில் என்ன மிச்சம்? இவர்களுக்கு நான் போடும் கணக்கே வேறு. அப்டேட் நிறுத்திய கணினிக்கு என்ன ஆகும் என்பதை 2017 மே மாதம் வானாக்ரை என்ற நச்சுநிரல் காட்டியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. ஏற்றுமதிக்காரர்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. 2013இல் கலிஃபோர்னியா மாநில அரசு, திருட்டு மென்பொருள் பயன்படுத்தி நியாயமற்ற முறையில் போட்டியிட்டதாக ஓர் இந்திய ஆடை நிறுவனத்தின் மீதும் ஒரு சீன நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட்டது. தைப்பது இங்கே, வழக்கு அங்கே. பனியன் கம்பெனிக்காரர்களிடம் இதைச் சொன்னால் அதுவரை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்து, மாறாமல் இருப்பதன் செலவு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும். நம் அலுவலகங்களில் செகண்ட்ஹேண்டில் வாங்கிய நான்காம், ஆறாம் தலைமுறைக் கணினிகள் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மேலும் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமானால் நிறுவனங்கள் முதல் வருடம் கணினிக்கு 61 டாலர் கட்ட வேண்டும். அடுத்த வருடம் இரட்டிப்பு, மூன்றாம் வருடம் அதிலும் இரட்டிப்பு, அதோடு சரி. ஆகவே என் தாளில் எப்போதும் இரண்டு பத்திகள் இருக்கும்: மாறினால் என்ன ஆகும், மாறாவிட்டால் என்ன ஆகும். முதல் பத்தியை மட்டும் போட்டுக் காட்டினால் திறமூலம் பெருஞ்செலவாகத் தெரியும். இரண்டாவதை மட்டும் காட்டினால் தர்மச் சத்திரமாகத் தெரியும்.

பிரான்ஸின் ஜாந்தார்மெரி காவல் படை இந்த இரண்டாம் பத்தியைச் சரியாகப் போட்டது. எக்ஸ்பியிலிருந்து விஸ்டாவுக்குப் போனாலும் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பயிற்சியை உபுண்டுவுக்கே கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். அதற்கு முன்பே 2005இல் விண்டோஸுக்கு உள்ளேயே ஓப்பன் ஆபீஸைப் பழக்கிவிட்டார்கள். பிறகு ஃபயர்ஃபாக்ஸ், தண்டர்பேர்ட். இயங்குதளத்தில் கை வைத்தது 2008 வாக்கில்தான். கடைசியில் விண்டோஸ் போய் உபுண்டு வந்தபோது, காவலர் கண்ணில் படுகிற செயலிகள் எல்லாம் ஏற்கெனவே பழகியவையாக இருந்தன. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் இப்போது இதே வரிசையில்தான் போகிறது: 2024இல் லிப்ரே ஆபீஸ் முடிவு, 2025 அக்டோபரில் 40,000க்கு மேற்பட்ட மின்னஞ்சல் பெட்டிகளை மாற்றி முடித்தார்கள், இயங்குதளம் அதற்குப் பின். நானும் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் ஊழியர்களைப் புதுத்திரைக்கு முன்னால் உட்கார வைப்பதுதான் எல்லா வழிகளிலும் செலவு மிகுந்த வழி.

ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக் கதையைப் பலரும் திறமூலத்தின் தோல்விக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது கணக்குப் பாடம். 2003இல் அந்த நகராட்சி லினக்ஸுக்குப் போக முடிவெடுக்கிறது என்று தெரிந்ததும் மைக்ரோசாஃப்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை நடுவில் விட்டுவிட்டு மேயரைப் பார்க்க ஓடி வந்தார். விலையும் இறங்கியது. கவனியுங்கள்: மைக்ரோசாஃப்ட் கடைசியாகச் சொன்ன விலை, எதிரே இருந்த லினக்ஸ் விலையைவிடக் குறைவு. அப்படியும் நகர மன்றம் லினக்ஸைத் தேர்ந்தது, ஒரே நிறுவனத்தின் பிடியில் இருக்கக்கூடாது என்பதற்காக. 2006இல் கணினிகளை மாற்றத் தொடங்கி 2013 முடிவில் சுமார் 15,000 கணினிகளோடு நிறைவு செய்தார்கள். நகராட்சி 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்றது. மைக்ரோசாஃப்ட் ஹெச்.பி. நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த ஆய்வு, நேர்மாறாக, விண்டோஸிலேயே இருந்திருந்தால் பல கோடி யூரோ மிஞ்சியிருக்கும் என்றது. அதே அலுவலகம், அதே கணினிகள், இரண்டு விடைகள். எதைச் செலவு என்று எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது எல்லாம். பிறகு மேயர் மாறினார். 2017இல் மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. 2020இல் வந்த புதிய கூட்டணி மறுபடியும் திறமூலத்துக்கு முன்னுரிமை என்றது. இப்படிப் போவதும் வருவதும்தான் உண்மையில் பணத்தை விழுங்குகிறது. தலைமை மாறினாலும் நிற்கக்கூடிய காரணத்தை ஒரு தாளில் எழுதி, கையெழுத்தோடு கோப்பில் வையுங்கள். ‘பழைய மேனேஜருக்கு லினக்ஸ் பிடிக்கும்’ என்பது காரணம் ஆகாது.

இனி நம்மூர் அலுவலகத்துக்குள் வருவோம். வேலையை ஒப்புக்கொள்ளும் முன் நான் சில நாட்கள் அங்கே சும்மா உட்கார்ந்திருப்பேன். அந்த நாட்களுக்கும் கூலி வாங்கிவிடுவேன். இலவசமாகப் பார்க்கப் போனால் அவசரமாகத்தான் பார்ப்போம். யார் எதைத் திறக்கிறார்கள், எதை எங்கே பிரிண்ட் எடுக்கிறார்கள், எந்த ஒயர் எங்கே போகிறது என்று குறிப்பெடுப்பேன். முதலாளி சொல்லும் பட்டியலில் வேர்ட், எக்செல், டேலி, இமெயில் என நாலு இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் வேறு உலகம் தெரியும். கைரேகை வருகைப்பதிவுக் கருவியோடு வந்த விண்டோஸ் மென்பொருள். பார்கோடு லேபிள் வடிவமைக்கும் மென்பொருள். எடைமேடைக்காரர் வருடங்களுக்கு முன் எழுதிக்கொடுத்து, இப்போது அவர் போன் நம்பரே இல்லாத ஒரு புரோகிராம். ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வரும் மேக்ரோ வைத்த எக்செல் கோப்பு. ஜி.எஸ்.டி. ஆஃப்லைன் டூல் விண்டோஸில் ஓடுவது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கும், ஆனால் வரிக்கெடு முடியும் மாலையில் அதை முதன்முறையாகச் செருகிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

பிரிண்டர் தனிக்கதை. அலுவலகம் தோறும் ஒரு சின்ன லேசர் பிரிண்டர் இருக்கும். பெயர் வேண்டாம், பார்த்தாலே தெரியும். டோனரை ரீஃபில் செய்து செய்து தேயாமல் ஓடும். லினக்ஸில் அதை ஓட வைப்பது மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பரிகாரம் மாதிரி ஆகிவிடும். புதிய பிரிண்டர் விலையையே செலவுப் பட்டியலில் சேர்த்துவிடுவது மலிவு. வேடிக்கை என்னவென்றால், கிறீச்சிட்டுக்கொண்டு ஓடும் அந்தக் காலத்து டாட் மேட்ரிக்ஸ் எந்தப் புகாரும் இல்லாமல் வேலை செய்யும்.

டேலியில் நான் கை வைப்பதில்லை. திறமூலத்தில் குனூகாத்தா இருக்கிறது, இ.ஆர்.பி.நெக்ஸ்ட் இருக்கிறது, இரண்டும் இந்தியாவில் உருவானவை, மதிக்கத்தக்கவை. ஆனால் ஆடிட்டர் எதில் கேட்கிறாரோ அதுதான் சின்ன நிறுவனத்தின் கணக்கு மென்பொருள். எனவே கணக்குப் பிரிவில் ஒன்றிரண்டு விண்டோஸ் கணினிகள், முறையான லைசென்ஸோடு, அப்படியே நிற்கும். மற்றவர்கள் தேவைப்பட்டால் ரிமோட்டில் நுழையலாம். முழு அலுவலகத்தையும் மாற்றியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால், கடைசியில் மிஞ்சும் அந்த இரண்டு கணினிகளுக்காக மற்ற எல்லாவற்றுக்கும் ஆன செலவைவிட அதிகம் ஆகும். ஆனால் கலவையாக வைத்திருப்பதற்கும் விலை உண்டு. இரண்டு உலகத்தையும் பராமரிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதையும் தாளில் எழுதுகிறேன்.

கோப்புகளுக்கு வருகிறேன். பெரும்பாலான எக்செல் கோப்புகளில் கூட்டலும் பெருக்கலும்தான் இருக்கும். லிப்ரே ஆபீஸின் கால்க் அப்படியே திறந்துவிடும். சிக்கல் எல்லாம் ஒன்றிரண்டு கோப்புகளில் குவிந்திருக்கும். வேலையை விட்டுப் போன யாரோ ஒரு பையன் எழுதிய மேக்ரோ, அதை நம்பியே மொத்த காஸ்டிங்கும் நடக்கும், அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. அதைத் திருப்பி எழுத ஆகும் நேரத்தைக் கணிப்பதுதான் மொத்த மதிப்பீட்டிலும் கடினமான பகுதி. மியூனிக்கிலும் இதே தலைவலி. துறைக்கொரு வார்ப்புரு, துறைக்கொரு மேக்ரோ என்று சிதறிக் கிடந்ததை ஒழுங்குபடுத்தவே வோல்மக்ஸ் என்று தனி மென்பொருள் எழுதினார்கள். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கடந்த ஒரு வருடத்தில் திறக்கப்பட்ட கோப்புகளை மட்டும் எடுத்துச் சோதியுங்கள். பழையவை இருந்த இடத்தில் இருக்கட்டும், தேவைப்பட்டால் பி.டி.எஃப். ஆக்கிவையுங்கள். இன்னொன்று: ஒரே ஆவணத்தை ஒருவர் வேர்டிலும் இன்னொருவர் ரைட்டரிலும் மாற்றி மாற்றித் திருத்துவதைத் தடை செய்யுங்கள். அட்டவணைகள் கோணிக்கொள்வதும் பக்க எண் பறிபோவதும் இப்படித்தான் நடக்கிறது. உள்ளே ஒரே வடிவம், வெளியே அனுப்ப பி.டி.எஃப். என்று வைத்துக்கொண்டால் பாதிப் புகார் வராது.

தமிழ் அலுவலகங்களுக்கு மட்டும் இன்னொரு செலவு இருக்கிறது. மியூனிக்குக்கு அது கிடையாது. காலிப்ரி எழுத்துருவுக்கு அதே அகலத்தில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு கலாடியா, ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ் என்று இலவச மாற்றுகள் இருக்கின்றன. ஆங்கிலக் கடிதம் ஒரு வரிகூட நகராது. லதா எழுத்துருவில் அடித்த தமிழ்ச் சுற்றறிக்கையை லினக்ஸில் திறந்தால் லோகித்தோ நோட்டோவோ வந்து உட்காரும், அகலம் மாறும், ஒரு பக்கம் ஒன்றேகால் பக்கமாகும், கையெழுத்து தனியே அடுத்த பக்கத்தில் போய் நிற்கும். இதற்கு வழி எளிது. விண்டோஸில் இருக்கும்போதே எல்லா வார்ப்புருக்களையும் நோட்டோ தமிழுக்கு மாற்றிவிட வேண்டும்.

எளிதல்லாதது யூனிகோடுக்கு முந்தைய கோப்புகள். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்த வருடக்கணக்கான தீர்மானங்கள், ஒப்பந்தங்கள், உறுப்பினர் பட்டியல்கள். பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது, கோப்புக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் குறிகளே பல்லிளிக்கும். தேடினால் கிடைக்காது, அகரவரிசைப்படுத்த முடியாது. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. ஆனால் அதற்கு முன் சேர்ந்த கோப்புகளை யார் மாற்றுவது? மாற்றிகள் உண்டு, ஓப்பன்-தமிழ் போன்ற நிரல் தொகுப்புகளும் உண்டு. மொத்தமாக ஓட்டினால், நடுவே இருக்கும் ஆங்கிலப் பெயர்களையும் தமிழாக்கி வைத்துவிடும். எந்தச் சொல் எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து மாற்றும்படி ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். அதன் பிறகும் ஒரு மனிதக் கண் வேண்டும்.

ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அந்தக் கண், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய டைப்பிஸ்ட் அம்மாவுடையது. “ஏனுங் தம்பி, இந்த ஸ்ரீ எங்கீங் போச்சு? தலைவரு பேரே தப்பா வருதுங்” என்று முதல் நாளே பிடித்துவிட்டார். அவருக்குத் தட்டச்சுப் பயிலகத்தில் கற்ற பழைய விசைப்பலகைதான் கை வரும். லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தட்டச்சு விசைப்பலகையும் கிடைக்கும், தமிழ் 99உம் கிடைக்கும். “தமிழ் 99 பழகுங்கம்மா, வேகமா வரும்” என்று நான் சொன்னேன். “இத்தினி வருசம் பழகுன கைங் தம்பி. உங்க கம்பியூட்டருதான் பழகோணும்” என்றார். அவர் சொன்னதுதான் சரி. தட்டச்சு விசைப்பலகையையே போட்டு, இடம் மாறியிருந்த சில குறிகளை அவர் கைக்கு ஏற்ப மாற்றிக் கொடுத்தோம். அவர் வேகம் குறையவே இல்லை.

இந்த எழுத்துரு வேலைக்கு ஆன செலவை லினக்ஸ் கணக்கில் எழுத நான் ஒப்புக்கொள்வதில்லை. பழைய குடித்தனக்காரர் வைத்துவிட்டுப் போன கரண்ட் பாக்கியைப் புதிதாகக் குடிவந்தவர் தலையில் கட்டுவது போன்றது அது. விண்டோஸிலேயே இருந்தாலும் என்றோ ஒருநாள் அந்தக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். மேக்ரோவும் அப்படித்தான், டிரைவர் இல்லாத கருவியும் அப்படித்தான். எந்த மென்பொருளையும் வாங்கும்போதே ‘இதைவிட்டு வெளியேற என்ன ஆகும்’ என்று கேட்டு, அந்தத் தொகையை அதன் விலையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டன் அரசு 2009இல் வெளியிட்ட திறமூலக் கொள்கையில் இதை எழுதியே வைத்திருக்கிறது: கொள்முதலின்போது வெளியேறும் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று. திறமூலத்துக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். விடை பெரும்பாலும் சின்னதாக இருக்கும்.

ஆட்கள் விஷயத்தில் பயிற்சி வகுப்பு என்ற ஒன்றை நான் கிட்டத்தட்ட விட்டேவிட்டேன். புரொஜெக்டர் போட்டு மெனு மெனுவாகக் காட்டினால் எல்லோரும் தலையாட்டுவார்கள், மதியம் மறந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, மாற்றிய முதல் வாரங்களில் கூப்பிட்டவுடன் பக்கத்தில் வந்து நிற்கிற ஓர் ஆளை அலுவலகத்திலேயே உட்கார வைக்கிறேன். அந்த ஆளின் சம்பளம்தான் மொத்தத் திட்டத்திலும் எனக்கு மிகுந்த பயன் தந்த செலவு. இன்னொரு நுட்பம் இருக்கிறது. ஒவ்வோர் அலுவலகத்திலும் ‘எக்செல்லா? அவரைக் கேளுங்க’ என்று மதிக்கப்படும் ஒருவர் இருப்பார். மாற்றம் வந்தால் அவர் ஒரே நாளில் மற்றவர்களைப் போல ஆகிவிடுகிறார். அவருடைய எதிர்ப்பு மென்பொருளைப் பற்றியது அல்ல. ஆகவே அவருக்கு மட்டும் முன்கூட்டியே, தனியாகக் கற்றுக்கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் சந்தேகம் கேட்க அவரிடமே போகட்டும். கணியம் இணையதளம் வெளியிட்டிருக்கும் தமிழ் மின்னூல்களை இப்படிப்பட்டவர்களிடம் கொடுத்திருக்கிறேன், சிலர் என்னைவிட ஆழமாகப் போனார்கள்.

கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் நிலைத்ததற்கு முதல் காரணம் ஆசிரியர்களுக்குச் செலவு செய்ததுதான் என்பேன். ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கி இப்போது கைட் என்று வழங்கும் அமைப்பு, ஆசிரியர்களையே முதன்மைப் பயிற்றுநர்களாக்கி மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பாடப்புத்தகமும் அந்த மென்பொருளை வைத்தே எழுதப்பட்டது. நம் பக்கத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணினிகளில் சூசே லினக்ஸையும் ஓப்பன் ஆபீஸையும் கொண்டுவந்தது. 2011இல் அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்த மடிக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்த பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டது, “அண்ணா, அந்த இன்னொன்ன அழிச்சுட்டு இடம் பண்ணிக் குடுங்க” என்பதுதான். அதை வைத்து என்ன செய்யலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை. மென்பொருள் சைபர் ரூபாய்க்கு வந்தது. சொல்லித்தரும் ஆளுக்குத்தான் செலவு, அந்தச் செலவு நடக்கவில்லை.

சர்வர் பக்கம் இவ்வளவு பாடு இல்லை. ஃபைல் சர்வரை சாம்பா என்ற திறமூல மென்பொருளுக்கு மாற்றினால் பயனருக்குத் தெரியவே தெரியாது. கல்லூரி நூலகத்துக்கு கோஹா போடுவதும் அப்படித்தான். நியூசிலாந்தின் ஒரு சிறு நூலகம் தன் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்பதால் வெளியாட்களைக் கொண்டு எழுதுவித்தது அது, இன்று நம் கல்லூரிகளில் பரவலாக ஓடுகிறது. புத்தகப் பட்டியலைப் பழையதிலிருந்து ஒழுங்காக வெளியே எடுக்க முடிந்தால் போதும். எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் இடம் சர்வர்தான்.

ஆதரவுச் செலவில் இரண்டு விஷயங்களை மறைக்கக்கூடாது. ஒன்று, விண்டோஸ் ரிப்பேர் பார்க்கத் தெருவுக்கு ஒருவர் உண்டு. லினக்ஸ் தெரிந்தவர் ஊருக்குச் சிலர்தான், அவர்களும் பெங்களூர்ச் சம்பளம் தெரிந்தவர்கள். என்னைப் போன்ற ஒற்றை ஆளை நம்பி மொத்த அலுவலகத்தையும் விடாதீர்கள், நானே சொல்கிறேன். எல்லாப் பாஸ்வேர்டும், எல்லா அமைப்பும் எழுதிய ஒரு நோட்டு அலுவலகப் பூட்டுக்குள் இருக்க வேண்டும், அதை வைத்து இன்னொருவர் வந்து வேலையைத் தொடர முடிகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும். இரண்டு, திறமூலத்திலும் காலடியில் தரை நகரும். சென்ட்ஓஎஸ் 8 என்ற சர்வர் லினக்ஸை 2029 வரை நம்பலாம் என்றிருந்தவர்களுக்கு, 2020 டிசம்பரில் வந்த அறிவிப்பு 2021 கடைசியோடு முடிந்தது என்றது. ராக்கி, அல்மா என்று மாற்றுகள் வந்தன, மாறவும் முடிந்தது, ஆனால் மாற்றிய நேரத்துக்குக் கூலி யார் கொடுப்பது? உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புக்கு வழக்கமான ஆதரவு ஐந்து வருடம். விண்டோஸ் 10 பத்து வருடம் ஓடியது. ஆக, சில வருடங்களுக்கு ஒருமுறை பெரிய மேம்படுத்தல் உண்டு. முதல் நாளே அதற்குப் பணம் ஒதுக்குங்கள். ஒதுக்காத இடங்களில்தான் காலாவதியான லினக்ஸ் ஓடுகிறது. அது காலாவதியான விண்டோஸைவிட எந்த வகையிலும் மேல் இல்லை.

சிலரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிடுவேன். கோரல் டிராவில் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் அச்சகம், ஆட்டோகேட் கோப்பையே கேட்கும் பில்டர்களோடு வேலை செய்யும் ஆர்க்கிடெக்ட், முழு நாளும் டேலியில் கிடக்கும் ஆடிட்டர் அலுவலகம். இவர்களுக்கு மாறும் செலவு ஐந்து வருடத்திலும் திரும்பாது. லைசென்ஸ் வாங்கி நிம்மதியாக இருங்கள் என்பேன். பள்ளி, கூட்டுறவுச் சங்கம், தொண்டு நிறுவனம், நூலகம், டேட்டா என்ட்ரி அதிகம் உள்ள கம்பெனி, பிரவுசரிலேயே பாதி வேலை முடிகிற அலுவலகம் இவற்றுக்கெல்லாம் தயங்காமல் மாறலாம்.

மாறிய இடங்களில் மூன்றாம் வருடத்தில்தான் பணம் கையில் தங்கத் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தில் முதலாளிகளிடம் ஒன்று கேட்பது என் வழக்கம்: மிச்சத்தில் ஒரு சின்னப் பங்கை, இந்த மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு அனுப்புங்கள். தர்மம் என்று நினைக்க வேண்டாம், பராமரிப்புச் செலவு என்றே கணக்கில் எழுதுங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற சுருக்க நிரலில் யாரோ திட்டமிட்டு ஒரு பின்கதவு வைத்தது தெரியவந்தது. உலகமெங்கும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் அந்த நிரலைச் சம்பளமில்லாமல், களைத்துப் போன நிலையில் பார்த்துக்கொண்டிருந்தவர் கிட்டத்தட்ட ஒரே ஓர் ஆள். உதவுவதாக நடித்து நெருங்கியவரிடம் பொறுப்பைப் பகிர்ந்திருக்கிறார். ஆந்த்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வரில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாகிறதே என்று துருவிப் பார்த்ததால் தப்பித்தோம். அவர் வேலை பார்த்தது மைக்ரோசாஃப்டில்.

அடுத்த பட்ஜெட்டில் ‘மென்பொருள் பங்களிப்பு’ என்று ஒரு வரி சேருங்கள். லிப்ரே ஆபீஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷனுக்கு அனுப்பலாம். அதற்கு வழியில்லை என்றால், உங்கள் டைப்பிஸ்ட் கண்டுபிடித்த தமிழ்ப் பிழைகளை ஒழுங்காக எழுதி அந்த மென்பொருளை உருவாக்கியவர்களுக்கு அனுப்பிவையுங்கள். தமிழில் அடிக்கும்போது வரும் பிழை தமிழில் அடிப்பவர் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.